திருட்டுப்போன ரிசீவரும் அண்ணாவின் வேண்டுகோளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நில அளவை நிறுவனத்தில் டெக்னீஷியனாக இருக்கும் 29 வயது வாசகர், நோட்டுப் புத்தகத் தாளில் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் கொண்ட குழு. மூன்று வாரம் வெளியூரில், ஒரு வாரம் வீட்டில். போர்ட் எட்வர்டைத் தாண்டி பிசானா, ஃபிளாக்ஸ்டாஃப், லுசிகிசிகி என்று ஆர்61 சாலையைப் பிடித்துக்கொண்டே போகும் வேலை. குழுத்தலைவருக்கு 54 வயது. சாட்ஸ்வொர்த்தில் வாசகரின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும், முக்காலியைக் கல்லின் மேல் சரியாக நிறுத்துவதிலிருந்து தொழிலைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கடிதம் முழுக்க அவர் ‘அண்ணா’. மூன்றாவது ஆள் உதவியாளர். கோசா மொழி பேசும் அந்தப் பக்கத்துக்காரர், 33 வயது. மூன்று மூன்று மாத ஒப்பந்தமாக இரண்டு ஆண்டுகளாக இழுபட்டுக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் லுசிகிசிகி கடைவீதியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். வாசகர் ரொட்டி வாங்கப் போனார். மறுநாள் நுழைய வேண்டிய கிராமத்தின் தலைவரிடம் போனில் பேச வேண்டும் என்று உதவியாளர் ஏர்டைம் வாங்கப் போனார். வண்டியில் இருப்பதாகச் சொன்ன அண்ணா, ‘இரண்டே நிமிடம்’ என்று எதிர்க் கடைக்குள் நுழைந்தார். பின்கதவைப் பூட்டவில்லை. திரும்பி வந்து பார்த்தால், செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்து இடத்தைத் துல்லியமாக அளக்கும் ஜிஎன்எஸ்எஸ் ரிசீவர் ஒன்று பெட்டியோடு காணவில்லை.

நிறுவனம் சொல்லும் நட்டம் 2,16,000 ராண்ட். மூவரும் தலைக்கு 72,000 ராண்ட் தர வேண்டுமாம். மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதம் என்று அச்சடித்த தாளைக் கொடுத்து, வரும் வெள்ளிக்குள் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். வாசகரின் மாதச் சம்பளம் 19,500 ராண்ட். வீட்டில் எட்டு மாதக் குழந்தை இருக்கிறது.

திருட்டு நடந்த அன்றிரவு விருந்தினர் விடுதி அறையில் அண்ணா சொன்னதை வாசகர் அப்படியே எழுதியிருக்கிறார்: “பையன்தான் வண்டிக்குக் காவல் இருந்தான் என்று நாம் இருவரும் ஒரே மாதிரி சொல்லிவிடலாம். அவனுக்கு ஊரிலேயே வேறு வேலை கிடைத்துவிடும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம்தான்.”

இதற்கு மேல் வேறு மனக்குறைகளும் உண்டு. அண்ணா இரவில் பிராந்தி குடிக்கிறார், காலை ஐந்து மணிக்கு அவரே வண்டி ஓட்டுகிறார். ஓவர்டைம் கேட்டால், “தினப்படியிலேயே அதுவும் அடக்கம்” என்கிறது அலுவலகம். புரட்டாசியில் தளத்துச் சமையலில் கோழியைத் தவிர வேறு கிடைக்கவில்லை. கையெழுத்துப் போடுவதா, அண்ணா சொன்னபடி சொல்வதா, எல்லாவற்றையும் உதறிவிட்டு ராஜினாமா செய்து, தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏவுக்குப் போவதா என்று கேட்கிறார்.

தம்பி, கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் நாள் குறித்திருப்பது ஒன்றுக்குத்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுக்கிறேன் என்றும் வாயால் சொல்ல வேண்டாம். “இதற்கு எழுத்தில் பதில் தருகிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதியைப் படியுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பது

வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ‘கருவிகளுக்கு ஊழியரே பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது, ஆகவே தப்ப வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தில் 34ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. நட்டத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், எந்தக் கடனுக்கு என்று குறிப்பிட்டு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. நட்டம் வேலையின்போது, உங்கள் தவறால் நேர்ந்திருக்க வேண்டும். பிடிக்கக் கூடாது என்பதற்கான காரணத்தைச் சொல்ல உங்களுக்கு நியாயமான வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். பிடிக்கும் மொத்தத் தொகை உண்மையான நட்டத்தைத் தாண்டக் கூடாது. பிடித்தங்கள் உங்கள் பணச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 19,500இல் கால் பங்கு 4,875. அவர்கள் கேட்பது 6,000. அந்த ஒரு காரணத்தாலேயே அந்தத் தாள் சட்டத்தோடு மோதுகிறது. ‘மூவரும் சமமாக’ என்பது அதைவிடப் பெரிய ஓட்டை. தவறு யாருடையது என்று விசாரிக்காமல், அடையைத் துண்டு போடுவது போல மூன்றாக வகுத்திருக்கிறார்கள். ரொட்டிக் கடையில் நின்ற உங்களுடைய தவறு என்ன என்பதை முதலில் அவர்கள் சொல்லட்டும். மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் நம்மவர்களுக்கு ‘இரட்டை வெட்டு’ என்று ஒன்று இருந்தது: ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும். கூலியில் கை வைப்பதற்கு இன்றைய சட்டம் இத்தனை படிகளைக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: காப்பீடு இருக்கிறதா, பணம் வந்ததா? காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டால் உண்மையான நட்டம் 2,16,000 ஆக இருக்க முடியாது. கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று தெரிந்துகொள்வதும் உங்களுக்கு உதவும். ஆளில்லாமல் நின்ற வண்டியிலிருந்து திருடு போனால், பூட்டை உடைத்த அடையாளம் இருந்தால்தான் பணம் தருவோம் என்று பல பாலிசிகளில் ஒரு நிபந்தனை இருக்கும். அலுவலகம் ஏன் இவ்வளவு அவசரமாக உங்கள் பக்கம் திரும்பியது என்பதற்கு அது விடையாக இருக்கலாம்.

கையெழுத்து இல்லாமலே பிடித்துவிட்டால், தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். உங்கள் சம்பள வரம்பில் இருப்பவர்கள் வர வேண்டிய பணத்துக்காக நேராக சிசிஎம்ஏவுக்கே போகலாம். அங்கே மனுக் கொடுக்கக் கட்டணம் கிடையாது. உரிமையைக் கேட்டதற்காக உங்களைப் பழிவாங்குவதையும் அதே சட்டம் தடுக்கிறது. தடுக்கிறது என்பதால் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் கேட்க இடம் உண்டு என்று சொல்கிறேன்.

வண்டியும் பாக்கியும்

இந்த ஊரில் பிக்கப் வண்டிக்குப் பெயர் ‘பாக்கி’. உங்கள் சம்பள பாக்கியும் அதில் ஏறித்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் கணக்கை ஏற்க முடியாது. வெளியூரில் இருக்கும் 21 நாளும், நாளுக்கு 24 மணி நேரமும் வேலை நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டை விட்டுப் பிரிந்திருப்பது துன்பம்தான். விடுதியில் தூங்கும் நேரமும், ஞாயிறன்று துணி துவைக்கும் நேரமும் அதனால் வேலை நேரமாகிவிடாது. வேலை செய்யாத ஞாயிற்றுக்கு இரட்டைச் சம்பளமும் இல்லை. பெரிய தொகையைக் கேட்டு அது விழுந்துபோனால், நியாயமாக வர வேண்டியதும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உங்களுக்கு உண்மையில் வர வேண்டியது எது? வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல், நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டும், வாரத்தில் அதிகபட்சம் 10 மணி நேரம் ஓவர்டைம், ஒன்றரை மடங்கு சம்பளத்தில். இந்த விதிகள் குறிப்பிட்ட ஆண்டு வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கே பொருந்தும். 2024 ஏப்ரலில் அந்த வரம்பு 2,54,371 ராண்ட் 67 சென்ட். அதன் பிறகு ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. உங்கள் ஆண்டுச் சம்பளம் 2,34,000. ஆகவே நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். தினப்படி என்பது வெளியூரில் சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் கொடுப்பது. அதற்குள் ஓவர்டைமை ஒளித்துவைக்க முடியாது.

காலை ஆறு மணிக்குத் தளத்தில் இறங்கி மாலை ஆறு மணிக்கு ஏறுகிறீர்கள், ஒரு மணி நேரம் சாப்பாடு. அப்படியானால் நாளுக்கு 11 மணி, ஆறு நாளில் 66 மணி. இரவில் லேப்டாப்பில் தரவை இறக்கிச் சரிபார்ப்பதை இன்னும் சேர்க்கவில்லை. சட்டம் விடும் உச்சமே 55. அது மட்டுமல்ல, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும். ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மூடி ஐந்து மணிக்குக் கிளம்பும் உங்களுக்குக் கிடைப்பது எட்டு. வார ஓய்வு தொடர்ச்சியாக 36 மணி நேரம். சனி மாலை ஆறிலிருந்து திங்கள் காலை ஐந்து வரை எண்ணினால் 35! எழுத்தில் ஒப்புக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. மூன்று வாரம் தொடர்ந்து வெளியே இருக்கும் குழுக்களுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவரும். அலுவலகத்தோடு பேசும்போது இதை நீங்களே முன்வையுங்கள்.

விடுதியிலிருந்து தளத்துக்குப் போகும் நேரம் வேலை நேரமா? சட்டம் இதை வரி எழுதித் தீர்த்துவைக்கவில்லை. ஒப்பந்தமும் நடைமுறையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நிறுவனத்தின் வண்டியை நிறுவனத்தின் கருவிகளோடு ஓட்டிப்போகிறவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நான் வாதாடுவேன். பின்சீட்டில் தூங்கிக்கொண்டு போகிறவருக்காக அவ்வளவு உறுதியாக வாதாட மாட்டேன்.

எதை வைத்து நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம். மில்லிமீட்டரைக் கூட விடாமல் எழுதிவைக்கும் தொழில் உங்களுடையது. ஓரிடத்தில் நிலையாக வைக்கும் பேஸ் ரிசீவரை எந்த நொடியில் போட்டீர்கள், எந்த நொடியில் நிறுத்தினீர்கள் என்பது கோப்பிலேயே பதிந்திருக்கிறது. அதில் இருப்பது நம் கடிகார நேரமாக இருக்காது, இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். வண்டியில் டிராக்கர் இருக்கிறது. வேலை நேரத்தைப் பதிவு செய்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமை முதலாளிக்கும் உண்டு. இருந்தாலும் இன்றிலிருந்து ஒரு சிறு நோட்டில் கிளம்பிய நேரம், முடித்த நேரம், யார் ஓட்டினார் என்ற மூன்றையும் எழுதி வாருங்கள். நிறுவனத்தின் அளவைக் கோப்புகளை வீட்டுக் கணினிக்கு நகல் எடுக்காதீர்கள். அதை வைத்தே உங்கள் மேல் விசாரணை வைத்துவிடுவார்கள். கோப்புகள் இருக்கின்றன என்று குறித்துவைத்தால் போதும். வழக்கு வந்தால் கேட்டு வாங்கலாம்.

புரட்டாசியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ‘இது கட்டாயமான விரதம் இல்லையே, விருப்பம்தானே’ என்று தள மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டர்பன் பள்ளி மாணவி ஒருத்தியின் மூக்குத்தி வழக்கு நினைவிருக்கிறதா? கட்டாயமான வழக்கத்துக்கு மட்டுமல்ல, ஒருவர் தாமாக ஏற்று நடக்கும் சமய, பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2007இல் சொன்னது. ஒரு மாதம் சோறும் பீன்ஸ் கறியும் கேட்பது யாருக்கும் பெரிய சுமை இல்லை. சண்டையாக்காமல், ஆகஸ்டிலேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

காலை ஐந்து மணிச் சாவி

பிராந்தி விஷயத்தை நீங்கள் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில், நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆர்61இல் மூடுபனியில் மாடும் ஆடும் குறுக்கே நிற்கும் நேரத்தில், இரவு பதினொன்று வரை குடித்தவர் ஐந்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். இரவில் தூங்கிவிட்டதாலேயே எல்லாம் இறங்கிவிட்டது என்று நம்புகிறீர்கள். உடல் சாராயத்தைக் கழிப்பது ஆமை வேகத்தில். தூக்கமோ காபியோ அதை விரட்டாது. சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 0.05 கிராம் என்பது சட்டத்தின் எல்லை. நன்றாகக் குடித்தவர் ஆறு மணி நேரத்துக்குப் பின்னும் அதற்கு மேலே இருக்கலாம்.

நிறுவன வண்டியில், நிறுவனத்தின் ஆள் ஓட்ட, இலவசமாக வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால் அது வேலையின்போது நடந்ததாகவே கணக்கு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதனால் உங்கள் குடும்பத்துக்கு ஏதோ கிடைக்கும். ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த பிறகு முதலாளி மேல் தனியாக நட்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த ‘ஏதோ’ எவ்வளவு தூரம் வரும் என்று யோசியுங்கள்.

ஆபத்தான நிலையைக் கண்டால் தெரிவிப்பது, 1993ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி, ஊழியரான உங்கள் கடமையும்கூட. அதைக் காட்டிக்கொடுத்தல் என்று சட்டம் பார்க்கவில்லை. ஆனாலும் முதல் படி அலுவலகமாக இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. “காலையில் நான் ஓட்டுகிறேன் அண்ணா” என்று சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அன்று அந்த வண்டியில் ஏறாதீர்கள், மேலே தெரிவித்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் பேரம் பேச மாட்டேன்.

ராஜினாமா

வேண்டாம். ‘இருக்க முடியாதபடி செய்தார்கள், அதனால் விலகினேன்’ என்று நிரூபிப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். சகிக்க முடியாத நிலைமை என்பதும், அதை உண்டாக்கியது முதலாளி என்பதும், வேறு வழிகளை முயன்று பார்த்தீர்கள் என்பதும் உங்கள் பொறுப்பில் விழும். நீங்கள் இன்னும் ஒரு புகார்க் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. முடிவாக வேலை போய்விட்டால், எந்த வழியில் போனாலும், 30 நாளுக்குள் சிசிஎம்ஏவில் மனுப் போட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா கேட்டது

பல ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் எல்லைத் தகராறு வழக்கில் முதிய சர்வேயர் ஒருவர் சாட்சிக்கு வந்தார். அவருடைய களப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தவறாக எழுதிய ஒவ்வோர் எண்ணும் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி விடப்பட்டு, மேலே சரியான எண்ணும் சுருக்கொப்பமும் இருந்தன. ஏன் ரப்பரால் அழிக்கவில்லை என்று கேட்டேன். “அழித்தால் அந்தப் பக்கம் முழுக்கச் செல்லாது அம்மா” என்றார். இதே பாடத்தை உங்களுக்கு அண்ணாதான் கற்றுக்கொடுத்திருப்பார்.

அவர் கேட்பதன் சட்டப் பக்கத்தை முதலில் பார்ப்போம். போலீஸில் உறுதிமொழி அளித்துப் பொய் எழுதினால் அது தனிக் குற்றம். காப்பீட்டுக்கும் அதே வாக்குமூலம்தான் போகும். அந்தப் பொய் நிற்கவும் நிற்காது. ஏர்டைம் வாங்கிய நேரம், கிராமத் தலைவருக்கு அழைப்புப் போன நேரம், உங்கள் ரொட்டி ரசீது, எதிர்க் கடையின் கேமரா எல்லாம் இருக்கின்றன. நீங்கள் தென்னாப்பிரிக்க ஜியோமேட்டிக்ஸ் கவுன்சிலில் டெக்னீஷியனாகப் பதிவு செய்ய விண்ணப்பித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நேர்மையின்மைக்காக ஒரு தண்டனை ஏட்டில் ஏறினால் அது தொழில் முழுக்கப் பின்னால் வரும்.

உங்களைவிட அண்ணாவுக்குத்தான் இந்தப் பொய் அதிகம் செலவாகும். இரண்டு நிமிடம் வண்டியை விட்டுப் போனது கவனக்குறைவு. இத்தனை ஆண்டு நல்ல பெயரோடு இருப்பவருக்கு அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம், பிடித்தமும் வரலாம். அதற்கும் விசாரணையும் கால் பங்கு எல்லையும் உண்டு. ஆனால் இன்னொருவர் மேல் பழி போட்டு வாக்குமூலம் ஜோடித்தார் என்றால் அது நேர்மையின்மை. முதல் முறையிலேயே வேலையை விட்டு நீக்க அது போதும். ஆறு வருடத்தைக் காப்பாற்ற அவர் பிடித்திருக்கும் கயிறு அவரையே கீழே இழுத்துவிடும்.

அடுத்து, ‘அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிடும்’ என்ற வரி. அதை நீங்களும் பாதி நம்புகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. மூன்று மாத ஒப்பந்தம் முடியும்போது திருட்டுக் கறையோடு வெளியே போகிறவரை அந்தப் பக்கத்தில் எந்த அளவைக் குழு சேர்த்துக்கொள்ளும்? இரண்டு ஆண்டுகளாகக் குன்றின் உச்சியில் பேஸ் கருவிக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பகல் முழுக்கக் காவல் இருந்தவர் அவர். ஒவ்வொரு கிராமத்திலும் முதலில் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தலைவரிடம் அவர் மொழியில் பேசி உங்களுக்கு வழி வாங்கிக் கொடுத்தவரும் அவரே. இதை எல்லாம் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படியும் அவர் அவ்வளவு எளிதில் தள்ளக்கூடிய ஆள் இல்லை. குறைந்த சம்பளக்காரரை மூன்று மாதத்துக்கு மேல் தவணை ஒப்பந்தத்தில் வைக்கத் தகுந்த காரணம் வேண்டும். இரண்டு ஆண்டு இழுத்தது நிறுவனத்துக்கே வினையாகலாம். 34ஆம் பிரிவு உங்களுக்கு எப்படியோ அவருக்கும் அப்படியே. அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அண்ணா 33 வயது ஆளை ‘பையன்’ என்றதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதியதற்கு நன்றி. இந்த நாட்டில் நம் தாத்தாக்களையும் நரைத்த வயதில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணா கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. புரட்டாசியில் உங்களுக்காகக் கேஸ் அடுப்பில் தனியாகப் பீன்ஸ் கறி வைக்கிறவர், அந்த மாதம் முழுக்கப் பாட்டிலையும் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு மாதம் முடிகிறது. குடிப்பழக்கத்தை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்காமல், உடல்நலக் குறைவாகக் கருதி ஆலோசனையும் சிகிச்சையும் தரவும் தொழிலாளர் சட்டம் வழி விட்டிருக்கிறது. அவர் தாமாகவே போய்க் கேட்டால் நிறுவனம் ஒரு விதமாகப் பார்க்கும், விபத்துக்குப் பின் தெரிந்தால் வேறு விதமாகப் பார்க்கும்.

நிறுவனத்துக்கு எழுத வேண்டியது ஆறு வரிதான்: சம்மதக் கடிதம் கிடைத்தது, சம்பவத்தன்று நான் ரொட்டிக் கடையில் இருந்தேன், என் தவறு இன்னதென்று எழுத்தில் தெரிவிக்கவும், கருவியின் கொள்முதல் விலை, இன்றைய மதிப்பு, காப்பீட்டு நிலை ஆகியவற்றின் நகல் தேவை, விசாரணையில் கலந்துகொள்ளத் தயார், அதுவரை எந்தப் பிடித்தத்துக்கும் சம்மதமில்லை. அண்ணா எங்கே இருந்தார் என்று இதில் நீங்கள் எழுத வேண்டியதில்லை. கேட்கும்போது மறைக்கவும் கூடாது.

அதை அனுப்புவதற்கு முன்னால், இந்த வாரம் நீங்கள் வீட்டில் இருப்பதால், அவர் வீட்டுக்கு நடந்தே போங்கள். போனில் வேண்டாம், வண்டியில் வேண்டாம், உதவியாளர் காதுக்கு எட்டாத மூலையிலும் வேண்டாம். அக்கா டீ கொண்டுவருவதற்கு முன்பே பேச்சை எடுத்துவிடுங்கள், டீ வந்த பிறகு வாய் வராது. “நீங்கள் கேட்டதை என்னால் சொல்ல முடியாது அண்ணா. நீங்களே போய் நடந்ததைச் சொன்னால் நானும் கூட வருகிறேன்” என்று சொல்லுங்கள். அவர் கத்தலாம். ஒரு மாதம் பேசாமலும் இருக்கலாம். பேசாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த பயணத்தில் காலை ஐந்து மணிக்குச் சாவியை மட்டும் கையை நீட்டிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.